கொழுஞ்சிக்காட்டூருக்கு சரவுண்ட் வந்தபோது

எங்கள் கொழுஞ்சிக்காட்டூரில் முதுகுக்குப் பின்னால் என்று ஒரு திசை வெகுகாலம் இருந்ததில்லை. கிழக்கு இருந்தது, மேற்கு இருந்தது, மாரியம்மன் கோயில் பக்கம் என்றும் டிரான்ஸ்பார்மர் பக்கம் என்றும்கூட இருந்தது; ஆனால் ஊரின் நானூறு விசைத்தறிகளும் ஓடத் தொடங்கிவிட்டால் ஒருவருக்குப் பின்னால் யார் நிற்கிறார், என்ன சொல்கிறார் என்பது சொல்பவருக்கே கேட்காது என்கிறபோது, கேட்க வேண்டியவருக்கு எங்கே கேட்கும்? தோளைத் தொட்டுக் கூப்பிடலாம் என்றால், திடுக்கிட்டுத் திரும்பி, ஊடை நூலோடு குறுக்கே ஓடுகிற நாடாவில் கையைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். அதனால் கழிவு நூலைச் சின்ன உருண்டையாக உருட்டி, கூப்பிட வேண்டியவரின் குதிகாலில் படுகிற மாதிரிப் போடுவோம். கல்யாணப் பத்திரிகை வைப்பதற்கும் சாவுச் சேதி சொல்வதற்கும் ஒரு வாய் டீ கேட்பதற்கும் முதலில் உருண்டைதான். எங்கள் குப்புராஜ் அண்ணன் வெளியூரில் பெண் எடுத்துவிட்டு, மாமியார் வீட்டில் நூல் கிடைக்காமல், மாமனாரைக் கூப்பிட ஒரு சின்ன வெங்காயத்தை அவர் காலடியில் வீசினார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அண்ணன் மறுக்கிறார், அண்ணி மறுப்பதில்லை.

இப்படி இருந்த ஊருக்கு அந்த வருஷம் ஆவணியில் ஒரு அட்டைப் பெட்டி பேருந்தில் வந்தது. செல்போன் கடை தர்மலிங்கம் அதைப் பிரித்தார். உள்ளே இருபத்தைந்து ஹெட்போன்கள், எல்லாம் கறுப்பு, ஒவ்வொன்றிலும் இடது கிண்ணத்தில் ஒரு சின்ன சுவிட்ச். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் ஸ்டீரியோ, மறுபக்கம் தள்ளினால் சரவுண்ட். தறிச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு அடைத்து அலுத்துப்போயிருந்த எங்களில் முந்தியவர்கள் ஆளுக்கொன்று வாங்கினோம். நானும் வாங்கினேன். வாங்கும்போதே தர்மலிங்கம் எச்சரித்தார். பாட்டு விஷயத்தில் அவர் கறாரான ஆள், விட்டால் ரசீதில்கூட எழுதிக் கொடுத்திருப்பார்.

"சரவுண்டுங்கறது ஏமாத்து வேலைங்க அம்மிணி. காது ரெண்டு, ஸ்பீக்கர் ரெண்டு. இடது காதுல வயலின், வலது காதுல தபேலா, நடு மண்டைல பாடறவங்க. அதுதான் ஸ்டீரியோ, அதுல பொய்யில்ல. சத்தம் சுத்திவர வரோணும்னா ரூம் நெறைய ஸ்பீக்கர் வெக்கோணும். ரெண்டு கிண்ணத்தக் காதுல கவுத்திக்கிட்டு முதுகுக்குப் பின்னால சத்தம் கேக்குதுன்னு எவனாச்சும் சொன்னா, டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க."

சரி என்றுதான் நாங்களும் இருந்தோம். ஒரு மாதம் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, குப்புராஜ் அண்ணன் காதைச் சொறிகிற சாக்கில் சுவிட்சைத் தள்ளிவிட்டார். பாட்டு நின்றது. தறிச் சத்தமும் நின்றது. தறி கண்ணெதிரே ஓடுகிறது, ஆனால் சத்தமில்லை. அந்த அமைதியில், அவருக்குப் பின்னால் மூன்றடி தள்ளி, கொஞ்சம் வலப்பக்கமாக, ஒரு பெண்குரல் தெளிவாகச் சொன்னது: "ஏனுங்ணா, வேட்டி அவுந்திருச்சுங்க."

அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். யாருமில்லை. வேட்டியும் இடுப்பில்தான் இருந்தது. யோசித்துப் பார்த்ததில், அது ஆறு வருஷத்துக்கு முன்னால், அவர் அந்தத் தறிக்கு வந்து சேர்ந்த முதல் நாளில், யாரோ நல்ல மனசோடு சொல்லித் தறிச் சத்தத்தில் காணாமல் போன பேச்சு என்று தெரிந்தது. அன்றைக்குத் தறிப் பட்டறையே ஏன் அப்படிச் சிரித்தது என்பது ஆறு வருஷம் கழித்து அவருக்கு விளங்கியது.

மறுநாள் காலையில் ஊரில் இருபத்தைந்தில் இருபத்துமூன்று சுவிட்சுகள் சரவுண்டில் இருந்தன. தறிகள் இத்தனை காலமாக விழுங்கிய பேச்சையெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன, அதுவும் சொன்னவர் நின்ற அதே இடத்திலிருந்து, அதே தூரத்தில், அதே உயரத்தில். ஏன், எப்படி என்று நாங்கள் ரொம்ப மெனக்கெடவில்லை. வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது நல்ல பழக்கம்தானே என்று விட்டுவிட்டோம். சில ஒழுங்குகள் மட்டும் பிடிபட்டன. தறி ஓடினால்தான் கேட்கும், நின்றால் நின்றுவிடும். நாம் அந்தத் தறிக்கு வந்த முதல் நாளிலிருந்து வரிசையாக வரும். நடுவில் யாரும் பேசாத நேரமெல்லாம் கழிந்துவிடுவதால் ஒரு வருஷப் பேச்சு ஒரு ஷிப்டில் முடிந்துவிடும். ஒருமுறை கேட்டது மறுமுறை வராது.

முதல் வாரம் ஊர் ரெண்டுபட்டது. முதுகுக்குப் பின்னால் பேசியதெல்லாம் முதுகுக்குப் பின்னாலேயே வந்து நின்றால் சும்மாவா இருப்பார்கள்? எங்கள் தறி முதலாளி சென்னியப்பன் தன் மீசையைப் பற்றி இருபது வருஷமாகச் சொல்லப்பட்டதில் முதல் நாலு வருஷத்தை மட்டும் நாலு நாளைக்குக் கேட்டுவிட்டு ஐந்தாம் நாள் மழித்துக்கொண்டு வந்தார். நாத்தனார்கள் பேச்சை நிறுத்தினார்கள், சம்பந்திகள் பந்தியில் தள்ளி உட்கார்ந்தார்கள், வார்டு மெம்பர் கூட்டம் போட்டு "கேட்டத வெளில சொல்லப்படாது" என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானத்தை யாரும் மதிக்கவில்லை.

ஆனால் எங்களுக்கே ஆச்சரியமாக, ஏச்சும் கேலியும் சீக்கிரமே தீர்ந்துபோயின. ஒரு மனுஷனைத் திட்டுவதற்கு அப்படியொன்றும் அதிகம் இல்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் வேறு. "கண்ணு, கை பத்திரம்" என்று நூறு தடவை. "சாப்ட்டியா" என்று ஆயிரம் தடவை. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று பக்கத்துத் தறிக்காரி அம்மனை வேண்டியது. நான் காய்ச்சலோடு வந்து நின்ற ஒரு நாளில், எனக்கு அடுத்திருந்த பாப்பாத்தியக்கா, இப்போது அவர் இல்லை, "இவளுக்கு வந்த சொரத்த எனக்குக் குடுத்துரு சாமி" என்று என் இடப்பக்கம் நின்று சொல்லியிருக்கிறார். நான் தறியை நிறுத்திவிட்டு அழுதேன். அவர் உயிரோடு இருந்தபோது ஒரு பொங்கலுக்குக்கூட நான் அவர் வீட்டுப் படியேறியதில்லை.

மயில்சாமியும் அவர் பங்காளி கந்தவேலும் பதினாறு வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். ஐப்பசியில் ஒரு நாள் மயில்சாமி காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிவிட்டுச் சாலையைக் கடந்து ஓடினார். "ஏன்டா, மன்னிச்சுக்கோன்னு கேட்டியா நீயி?" என்றார். "கேட்டனே. ஓடற தறிக்கிட்ட வந்து, உனக்குப் பின்னால நின்னு, மூணு வாட்டி கேட்டேன். நீ திரும்பியே பாக்கல" என்றார் கந்தவேல். "உருண்டையப் போட்டியாடா?" கந்தவேல் தலையைச் சொறிந்தார். போடவில்லை. வெட்கத்தில் மறந்துவிட்டிருக்கிறார். பதினாறு வருஷம்! இரண்டு பேரும் நடுரோட்டில் கட்டிக்கொண்டு நின்றதில் மினிபஸ் கால்மணி நேரம் தாமதமாகப் போனது, டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் சுவிட்சை ஸ்டீரியோவிலேயே வைத்திருந்தவர் இரண்டே பேர். ஒருவர் தர்மலிங்கம். அவருக்குக் கொள்கை. இன்னொருவர் எங்கள் பட்டறை தெய்வானையக்கா. அவருக்குப் பயம்.

என்ன பயம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பட்டறையில் இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவே ஒரு சந்து. சந்தில் இந்தப் பக்கத் தறிக்காரியும் அந்தப் பக்கத் தறிக்காரனும் முதுகோடு முதுகாக நிற்க வேண்டும். அக்காவுக்கு முதுகாக நின்றவர் அவர் புருஷன் நாட்ராயன். பதினொரு வருஷம் அப்படி நின்றார்கள். வீட்டில் அந்த மனுஷன் வாய் திறக்க மாட்டார். சோறு போடு என்பதற்குத் தட்டைத் தட்டுவார், போதும் என்பதற்குக் கையைக் காட்டுவார். பட்டறையில் மட்டும் ஒரு விளையாட்டு: சும்மாவே நூல் உருண்டையை அக்காவின் குதிகாலுக்குப் போடுவார். அக்கா திரும்பாமலே குதிகாலால் பின்னால் எத்திவிடுவார். நாளுக்கு ஒன்றாவது நடக்கும், நாங்கள் பார்த்துச் சிரிப்போம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, முற்பகலில், அக்காவின் தறியில் பாவு நூல் அறுந்திருந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் குதிகாலில் உருண்டை பட்டது. அக்கா வழக்கம்போல் எத்திவிட்டார். முடிச்சை முடித்து, தறியை ஓட்டி, நாடாவுக்குள் நூல் சுற்றிய தார் மாற்றி, ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தபோது நாட்ராயன் தறிக்காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. மாரடைப்பு, பக்கத்திலேயே தான் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அக்கா கேட்டது அதுவல்ல. அந்த உருண்டை விளையாட்டா, கூப்பிட்டதா? சாகிற மனுஷன் கூப்பிட்ட கூப்பாட்டைக் குதிகாலால் எத்தினவளா நான்? ஒன்பது வருஷமாக அக்கா இந்த ஒரு கேள்வியோடு தறி ஓட்டினார். அதற்கப்புறம் அந்த இடத்தில் அவருக்கு முதுகாக நிற்பவள் நான். என் கண்ணெதிரே அக்கா ஒருநாளும் எந்த உருண்டையையும் எத்தியதில்லை. திரும்பி, குனிந்து, கையால் எடுத்து வைப்பார்.

தை பிறந்தபோது ஹெட்போன்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. மலிவுச் சரக்கு, எத்தனை நாள் வரும்? தர்மலிங்கம் பெட்டி வந்த முகவரிக்குப் போன் போட்டார். அப்படியொரு சரக்கை நாங்கள் அனுப்பவே இல்லை என்றார்கள். மாசியில் ஊரில் ஐந்து ஹெட்போன்கள்தான் பேசின. அக்காவுடையதிலும் ஒயர் விட்டுப்போனது. அதைக் கடைக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். தர்மலிங்கம் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இது இன்னும் ரெண்டு வாரம் தாங்கும். அதுக்கு மேல என்னால ஆகாதுங்கக்கா."

"ஏனுங் தம்பி, அது மனப்பிராந்தின்னு சொன்னீங்களே?"

"இப்பவும் அதத்தான் சொல்றேன்" என்றார் அவர். பிறகு, "எங்கப்பாவும் தறிதானுங்க ஓட்டினாரு. போன மாசம் சுவிட்சத் தள்ளிட்டு அந்தத் தறிக்கிட்டப் போயி நின்னேன். நான் சின்னவனா அங்க ஓடியாடிட்டு இருந்தப்ப அவரு சொன்னது. கேட்டுட்டு வந்துட்டேன். என்னன்னு கேக்காதீங்க" என்றார்.

மறுநாள் அக்கா சுவிட்சைத் தள்ளினார்.

முதல் நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்து நாங்கள் பயந்துபோனோம், ஏனென்றால் சிரித்துக்கொண்டிருந்தார். "பேசறாரு" என்றார். "நிறுத்தாமப் பேசறாரு. எனக்குப் பின்னாலயே, தோள் ஒசரத்துல. என்னோட குரல் நடு மண்டைக்குள்ள கேக்குது, தர்மலிங்கம் சொல்ற ஸ்டீரியோ மாதிரி. அவரு குரல் வெளில இருக்குது. கை நீட்டுனா தொட்டறலாம்." என்ன பேசுகிறார் என்று கேட்டோம். "கொள்ளுப்பருப்பு வெய்யின்னு சொல்றாரு. அரிசிம்பருப்புச் சோறு ஆக்குன்னு சொல்றாரு. மாடு ஒதைச்சதச் சொல்றாரு. எதுத்தாப்ல போன மயிலச் சொல்றாரு. நானு ஒருநாளும் கொள்ளுப்பருப்பு வெக்கல பாரு."

அன்றைக்குப் பொழுதோடு ஊரே கொள்ளுப்பருப்பு வைத்தது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் அக்காவுக்கு ஒரு குழப்பம். நடுநடுவே நாட்ராயன் எதையோ எண்ணுகிறார், அறுபத்தாறு என்கிறார், நூற்றுப் பன்னிரண்டு என்கிறார், எண்ணிவிட்டுச் சிரிக்கிறார், என்ன எழவென்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் விளங்கிவிட்டது. நாட்ராயன் தறிக்காலையும் தார்ப் பெட்டியையும் கால்பந்துக் கோல் கம்பங்களாக வைத்திருந்திருக்கிறார். உருண்டையைப் போடுவார், அக்கா எத்தியது இரண்டுக்கும் நடுவே புகுந்தால் "கோலு!" என்பார், எண்ணிக்கை ஒன்று ஏறும். அக்கா அதைச் சொல்லும்போது தலையிலடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், நாங்களும் அப்படியே.

இப்படியே நாட்கள் போயின. ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஊர் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றது. நாட்ராயன் என்ன சொன்னார், எத்தனை கோல், இதுதான் பேச்சு. எட்டாம் நாள் அக்கா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் சொன்னார். "'தெய்வா, உனக்கு நானு ஒண்ணுமே சொன்னதில்ல. நீ வந்தப்பறந்தான் எனக்கு வீடுன்னு ஒண்ணு ஆச்சு. தறி நிக்கட்டும், சொல்றேன்'னு சொல்றாரு." தறி நின்றபோது சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. சொல்லியிருக்க மாட்டார்.

பத்தாம் நாள் பத்தாவது வருஷம் முடிந்தது. நாளைக்கு வரப்போவது கடைசி வருஷம், அதன் கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை. அன்று பெண்கள் நாலைந்து பேர் அக்கா வீட்டுக்குப் போனோம். "அக்கா, போதும்" என்றேன் நான். "இத்தன கேட்டாச்சு. சந்தோசமா இதோட நிறுத்திக்குங்க. சுவிட்ச ஸ்டீரியோல வெச்சுட்டுப் பாட்டுக் கேளுங்க."

"நீ சொல்றது சரிதான்" என்றார் அக்கா. "ஆனா பதினொரு வருசம் எனக்குப் பின்னால நின்னு பேசியிருக்கறாரு அம்மிணி. கடைசிப் பேச்ச மட்டும் கேக்காம ஓடிப்போறதா? என்னத் திட்டியிருந்தாலும் அது எனக்குச் சொன்னதுதான்."

பதினொன்றாம் நாள் காலையில் நான் என் இடத்தில் நிற்கவில்லை. அது அன்றைக்கு எனக்கில்லை. என் தறியை நிறுத்திவிட்டு, பட்டறை ஓரமாகப் போய் நின்றேன். மற்றவர்கள் தறி ஓட்டிக்கொண்டே அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை நூல் அறுந்தது, எத்தனை கஜம் பாழானது என்று முதலாளி சென்னியப்பனும் அன்றைக்குக் கேட்கவில்லை, அவரும் வாசலில்தான் நின்றார். பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு அக்கா கையைத் தூக்கி எனக்குச் சைகை காட்டினார். வந்துவிட்டது, அந்த நாள்தான். நூல் அறுந்ததற்கு அவர் சலித்துக்கொண்ட குரல் நடுமண்டையில் கேட்டிருக்கிறது. பின்னால் நாட்ராயன் கூப்பிட்டிருக்கிறார்.

"தெய்வா..."

அந்த நொடியில் கரண்ட் போனது.

நானூறு தறியும் ஒரே மூச்சில் நின்றன. எங்கள் ஊரில் கரண்ட் போனால்தான் காக்கை கத்துவது கேட்கும், கேட்டது. அக்கா தறியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். "கூப்புட்டிருக்கறாரு" என்றார், எங்களைப் பார்க்காமல். "பேரு சொல்லிக் கூப்புட்டிருக்கறாரு." நான் பக்கத்தில் போனேன். டிரான்ஸ்பார்மர் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். குப்புராஜ் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மின்வாரிய ஆளை வண்டியில் கூட்டிவரப் போனார். தர்மலிங்கம் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வந்து, அக்காவின் ஹெட்போன் சார்ஜ் இறங்கிவிடாமல் இருக்க ஒரு பவர் பேங்கைச் செருகி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சேதி பரவி மற்ற பட்டறைக்காரர்களும் வந்தார்கள். இரண்டு மணி நேரம் அந்த வாசலில் முந்நூறு பேர் நின்றோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேச்செல்லாம் தறிக்குப் போன ஊரில், தறி நின்றபோதும் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான். அக்காவுக்காக என் மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். தறியை ஓட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததை அக்கா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒருமுறையும் ஒரு சொல் மாறியதில்லை. கரண்ட் போகுமுன் "தெய்வா" என்றது தோள் உயரத்தில் இருந்த குரல். அதைத் தொடர்ந்து வந்தது இது: "ஒண்ணுமில்ல, நீ பாரு. கொஞ்சம் உக்காந்துக்கறேன்." குரல் தோளிலிருந்து இறங்கியது. இடுப்பு உயரத்துக்கு வந்தது, முழங்கால் உயரத்துக்கு வந்தது, பிறகு தரைக்கு ஒரு முழம் மேலே, அக்காவின் குதிகாலுக்குப் பின்னால் இரண்டடியில், தறிக்காலில் சாய்ந்த இடத்தில் நின்றது. இடது, வலது என்று இரண்டே திசை இருக்கிற ஸ்டீரியோவில் இது தெரிந்திருக்காது. உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டிருக்கிறார், வேலை முடிந்து வந்து வீட்டு வாசலில் உட்காருகிற மாதிரி. அப்புறம் உருண்டை. குதிகால் எத்தியது. தரையோடு தரையாக இருந்த அந்தக் குரல் சிரித்தது.

"கோலு! ரெண்டாயிரத்து நானூத்திப் பதினாறு."

அவ்வளவுதான். அதற்குப் பின் அவர் குரல் வரவில்லை.

அக்கா ஹெட்போனைக் கழற்றித் தர்மலிங்கத்தின் கையில் கொடுத்தார். "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். தறியைக் கும்பிட்டார். எங்கள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தறிக்கடியிலிருந்து கழிவு நூலை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நிதானமாக உருட்டி, தன் குதிகாலுக்குப் பின்னால் தானே போட்டுக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் தறியைப் பார்த்து நின்றார்.

திரும்பாமலே எத்தினார். உருண்டை தறிக்காலுக்கும் தார்ப் பெட்டிக்கும் நடுவே நேராகப் புகுந்தது.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் கேட்காது என்று தெரிந்தும், அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்ற நாங்கள் முந்நூறு பேரும் ஒரே குரலில் கத்தினோம்: "ரெண்டாயிரத்து நானூத்திப் பதினேழு!"